உயிரின் ஏடு

நுழையும்முன்

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எனப் பல மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளைகள், ஒரு சொல்லை மற்றொரு சொல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் இயல்பாகவே பழகியவர்கள். அத்தகைய ஒப்பீட்டை உயிரணுவுக்குள் பொதிந்திருக்கும் செய்தியிடத்தில் செய்யும் கல்வி ஒன்று உண்டு. அதற்கு உயிரித் தகவலியல் என்று பெயர். ஐதராபாத் நகரில் அக்கல்வி செய்துகாட்டிய ஒரு பணியையும், அதனைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்புவோர் எவற்றைக் கற்கவேண்டும் என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தார்நாகாவும் உப்பல் சாலையும்

ஐதராபாத்தில் தார்நாகாவையும் உப்பல் சாலையையும் சுற்றியுள்ள பகுதியில் நடந்து செல்பவர், சிறிது தொலைவுக்குள்ளேயே பல ஆராய்ச்சி நிறுவனங்களின் வாயில்களைக் கடந்துவிடுவார். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம், தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை அங்கே உள்ளன. இவற்றுள் ஊட்டச்சத்து நிறுவனத்தின் வரலாறு தமிழர்க்குச் சுவையானது. 1918ஆம் ஆண்டு நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவாகத் தொடங்கிய அது, 1958ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. பணியின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வந்து குடியேறிய குடும்பங்களைப்போல ஒரு நிறுவனமும் குடிபெயர்ந்து வந்திருக்கிறது.

அதே பகுதியில் அப்சிகுடாவில் அமைந்திருப்பது உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். நகர மக்கள் அதனைச் சி.சி.எம்.பி. என்றே அழைப்பர். 1977ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இம்மையத்தின் முதல் இயக்குநர் புஷ்பா மித்ர பார்கவா என்னும் உயிரியல் அறிஞர். அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தின் நிறுவன நாள் செப்டம்பர் 26. அந்நாளையொட்டிப் பொதுமக்களும் மாணவர்களும் மையத்தைச் சுற்றிப் பார்க்க இசைவளிக்கும் வழக்கம் உண்டு.

இத்தகைய மையத்தைக் காணச் செல்லும் மாணவர், சோதனைக் குழாய்களையும் நுண்ணோக்கிகளையும் எதிர்பார்த்தே செல்வர். அவை அங்கு உண்டு. ஆயினும் உயிரியல் ஆராய்ச்சியாளர் எல்லாரும் குழாய்களைக் கையில் ஏந்தியவர் அல்லர். ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும் கணினித் திரையின்முன் நாள் முழுவதும் அமர்ந்திருப்போரும் அவர்களுள் உண்டு. அவர்கள் படிப்பதும் உயிரைத்தான்.

நான்கு எழுத்துகளில் எழுதிய நூல்

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்கள் அவ்விழையில் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளே மேற்கூறிய நான்கும். மனிதரின் ஒரு முழுத்தொகுதி டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. ஒரு பக்கத்துக்கு 3,000 எழுத்துகள் என அச்சிட்டால் பத்து இலட்சம் பக்கங்கள் வரும். 500 பக்க நூல்களாகக் கட்டினால் 2,000 நூல்கள் ஆகும். நொடிக்கு ஓர் எழுத்தாக உறங்காமலும் உண்ணாமலும் ஒருவர் படித்தால், முடிப்பதற்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் செல்லும். ஆகையால்தான் இந்த நூலைப் படிக்கக் கணினி வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் இத்தகைய நிலை இல்லை. 1965ஆம் ஆண்டு மார்கரெட் டேஹாஃப் என்னும் அமெரிக்க அறிஞர், அதுவரை வரிசை அறியப்பட்ட புரதங்களையெல்லாம் தொகுத்து ஒரே நூலாக அச்சிட்டார். அதில் இருந்தவை 65 புரதங்களே. 1970இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாலீன் ஹோகவெக், பென் ஹெஸ்பர் ஆகிய இருவரும் இத்துறைக்குரிய பெயரை உருவாக்கினர். இந்தியாவில் நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1986–87இல் உயிரித் தகவல் மையங்களின் வலையமைப்பைத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அவ்வலையமைப்பில் இடம்பெற்றது. இணையம் என்னும் சொல்லையே பொதுமக்கள் அறியாத காலம் அது.

உறவைக் காட்டும் ஒப்பீடு

உயிரித் தகவலியலின் அடிப்படைச் செயல் ஒப்பிடுதலாகும். ஐதராபாத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வெளியே எங்கும் செல்ல வேண்டுவதில்லை. தமிழில் ஊர் என்பது தெலுங்கில் ஊரு. பால் என்பது பாலு. இல் என்பது இல்லு. இவற்றின் உறவு கேட்டவுடன் புலப்படும். கை என்பது தெலுங்கில் செய்யி என்று வழங்கும்போது உறவு சற்று மறைந்துவிடுகிறது. கெடு என்பது செடு என்றும், கிளி என்பது சிலுக என்றும் வருவதைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு, தமிழில் ககரம் நிற்கும் சில இடங்களில் தெலுங்கில் சகரம் நிற்கும் ஓர் ஒழுங்கு தெரியவரும். ஒரு சொல்லை மட்டும் நோக்கினால் தெரியாத உறவு, பல சொற்களை வரிசையாக அடுக்கி நோக்கினால் தெரிகிறது.

ஆனால், ஒத்திருப்பவை எல்லாம் உறவுடையவை அல்ல. தமிழில் முன்னிலையில் உள்ளவரை நீ என்கிறோம். சீன மொழியிலும் ஏறத்தாழ அதே ஒலியுடைய சொல்லே முன்னிலையைக் குறிக்கிறது. அதனால் தமிழும் சீனமும் உடன்பிறந்த மொழிகள் ஆகிவிடா. இது தற்செயலாக அமைந்த ஒப்புமை. உறவால் வந்த ஒப்புமையையும் தற்செயலாக வந்த ஒப்புமையையும் பிரித்தறிவதற்கு நிகழ்தகவும் புள்ளியியலும் வேண்டும். உயிரியல் பயில வந்த மாணவர் பலர், இக்கல்வியில் இவ்வளவு கணிதம் ஏன் என்று வியப்பதற்கு விடை இதுவே.

இரண்டு வரிசைகளைக் கணினி எவ்வாறு ஒப்பிடுகிறது என்பதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு: மரம், மரகதம் என்னும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளலாம். ஓர் எழுத்து ஒத்திருந்தால் 2 மதிப்பெண் கூட்டவேண்டும். ஒவ்வாமல் இருந்தால் 1 குறைக்கவேண்டும். எதிரே எழுத்தில்லாமல் இடைவெளி விட நேர்ந்தாலும் 1 குறைக்கவேண்டும்.

முதல் அடுக்கு:
ம – ர – ம் – ( ) – ( )
ம – ர – க – த – ம்

இங்கு இரண்டு எழுத்துகள் ஒத்துள்ளன, ஓரிடம் ஒவ்வவில்லை, இரண்டு இடைவெளிகள் உள்ளன. ஆகவே மதிப்பெண் 4 – 1 – 2 = 1.

இரண்டாம் அடுக்கு:
ம – ர – ( ) – ( ) – ம்
ம – ர – க – த – ம்

இங்கு மூன்று எழுத்துகள் ஒத்துள்ளன, இடைவெளிகள் இரண்டு. ஆகவே மதிப்பெண் 6 – 2 = 4. இரண்டாம் அடுக்கே சிறந்தது.

மூன்றெழுத்துச் சொல்லுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆயிரக்கணக்கான எழுத்துகள் உடைய இரண்டு வரிசைகளுக்கு எத்தனையெத்தனை அடுக்குகள் இயலும் என்று எண்ணினால் தலை சுற்றும். அவை அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்காமலே சிறந்த அடுக்கைக் கண்டுபிடிக்கும் வழிமுறையை 1970இல் நீடில்மன், உன்ஷ் என்னும் இருவர் வெளியிட்டனர். இன்றும் உயிரித் தகவலியல் மாணவர் தாளில் கட்டம் வரைந்து, கையால் கணக்கிட்டு அதனைக் கற்கின்றனர். பின்னரே அதற்குக் கணினி நிரல் எழுதுகின்றனர். கையால் ஒருமுறையேனும் செய்து பாராதவர், கணினி தரும் விடை தவறானது என்பதை அறியவே மாட்டார்.

இருபத்தைந்து எழுத்துகள்

ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில், எழுதுவோர் கவனக்குறைவால் ஒரு சொல்லையோ வரியையோ விட்டுவிடுவது உண்டு. அச்சுவடியைப் பார்த்து அடுத்தவர் எழுதும்போது அவ்விடுபாடு அவர் படியிலும் தொடரும். உ.வே.சாமிநாத ஐயர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து பெற்ற சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே பாடத்தைத் தெளிந்தார். ஒரே பிழை இரண்டு சுவடிகளில் காணப்பட்டால், அவ்விரண்டும் ஒரு மூலச்சுவடியிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று உய்த்துணரலாம். டி.என்.ஏ.யும் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்படும் ஒரு சுவடியே. அதிலும் எழுத்துகள் மாறும், சில விடுபடும், விடுபட்டது வழிவழியாகத் தொடரும்.

இதயத் தசை சுருங்கி விரிவதற்குத் துணைசெய்யும் புரதங்களுள் ஒன்று, மயோசின் பிணைப்புப் புரதம் சி. அதனை ஆக்கும் மரபணுவுக்கு எம்.ஒய்.பி.பி.சி.3 என்று பெயரிட்டுள்ளனர். இந்திய மக்களுள் சிலரிடத்தில் இம்மரபணுவின் இறுதிப் பகுதிக்கு அண்மையில் தொடர்ச்சியாக 25 எழுத்துகள் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துவந்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி.யைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்த உடன் ஆய்வாளர்களும் இவ்விடுபாட்டை விரிவாக ஆராய்ந்தனர். இதய நோயாளிகளின் டி.என்.ஏ.யை நோயற்றவரின் டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டனர். பின்னர் நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட மக்கட்குழுக்களிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மாதிரிகளைச் சோதித்தனர். 2009ஆம் ஆண்டு அவ்வாய்வு வெளிவந்தது.

அதன் முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. தெற்காசிய மக்களுள் நூற்றில் ஏறத்தாழ நால்வரிடம் அந்த 25 எழுத்துகள் விடுபட்டிருந்தன. இதயத் தசை நோய் உடையோரிடத்தில் அவ்விடுபாடு மிகுதியாகக் காணப்பட்டது. காரணத்தையும் ஆய்வாளர் விளக்கினர். மரபணுவில் புரதத்தை ஆக்கப் பயன்படும் பகுதிகளுக்கிடையே, பயன்படுத்தும்முன் வெட்டி நீக்கப்படும் பகுதிகளும் உண்டு. விடுபட்ட 25 எழுத்துகள் அத்தகைய ஒரு நீக்கப்படும் பகுதியில் இருந்தவை. நீக்கப்படும் பகுதியில் எழுத்து குறைந்தால் என்ன கேடு என்று தோன்றலாம். எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்பதை உயிரணு அறிந்துகொள்வதற்கு அப்பகுதியில் உள்ள எழுத்துகளும் உதவுகின்றன. அவை இல்லாதபோது வெட்டும் இடம் பிழைத்து, அடுத்துள்ள பயனுடைய பகுதியும் சேர்ந்து நீங்கிவிடுகிறது. புரதத்தின் வால்பகுதி உருமாறிவிடுகிறது.

இத்துடன் கதை முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். அது முடியவில்லை என்பதே இத்துறையைப் பயில்வோர் அறியவேண்டிய பகுதி. தெற்காசிய வழியினரான நோயாளிகளின் டி.என்.ஏ.யை வேறோர் ஆய்வுக்குழு பின்னர் ஆராய்ந்தது. இதயத் தசை தடித்துப் போகும் நோயைப் பற்றியது அவ்வாய்வு. 25 எழுத்துகள் விடுபட்டோர் அனைவரையும் ஒரே குழுவாகக் கொள்ளாமல், அவர்களுடைய மரபணுவின் பிற பகுதிகளையும் அக்குழுவினர் எழுத்தெழுத்தாக நோக்கினர். அவர்களுள் சிலரிடத்தில் மட்டும், அதே மரபணுவில் வேறோர் இடத்தில், ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருந்தது. அந்த ஓரெழுத்து மாற்றம் உடையோரிடத்திலேயே அந்நோய்க்கான இடர் உயர்ந்திருந்தது. 25 எழுத்துகள் மட்டும் விடுபட்டவரிடத்தில் அவ்வாறு உயரவில்லை. 2020இல் இம்மறு ஆய்வு வெளியாயிற்று.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும் பழமொழி இதற்குப் பொருந்தும். ஒன்றாகவே குடிவந்த இரண்டு மாற்றங்களுள், எளிதில் கண்ணுக்குத் தெரிந்ததன்மேல் குற்றம் சுமத்தப்பட்டது. முதல் ஆய்வைச் செய்தோர் பிழை செய்தனர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்கள் கண்ட தொடர்பு உண்மையானது; அவர்கள் திறந்துவைத்த வாயில் வழியாகவே பின்வந்தோர் நுழைந்தனர். ஆனால், இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. நூற்றில் நால்வர் என்றால் இந்தியாவில் பல கோடிப் பேர். அத்தனை பேரிடமும் உங்கள் இதயம் இடருக்குள்ளாகியிருக்கிறது என்று சொல்வதா, அவர்களுள் ஒரு சிறு பகுதியினரை மட்டும் அடையாளம் கண்டு காப்பதா என்பது, கணினித் திரையின்முன் அமர்ந்து ஒப்பிடுபவரின் கவனத்தைப் பொறுத்திருக்கிறது.

பட்டப்படிப்பில் பயில்வன

இத்தகைய பணிக்கு ஒருவரை ஆயத்தப்படுத்தும் இளநிலைப் படிப்பு இரண்டு கரைகளை உடைய ஆறு போன்றது. ஒரு கரையில் உயிரணுவியல், உயிர்வேதியியல், மரபியல் ஆகியவை உள்ளன. மறு கரையில் கணிதம், புள்ளியியல், நிரலாக்கம், தரவுத்தள மேலாண்மை ஆகியவை உள்ளன. உயிரியல் விருப்பத்தால் வந்தவருக்கு மறு கரை அச்சமூட்டும். கணினி விருப்பத்தால் வந்தவருக்கு முதற்கரை வெறும் மனப்பாடமாகத் தோன்றும். முதல் ஆண்டில் மாணவர் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். இரண்டாம் ஆண்டில் இரு கரைகளுக்கும் இடையே பாலம் அமையத் தொடங்கும். வரிசை ஒப்பீடு, மரபுவழி மரம் வரைதல், புரத வடிவமைப்பு, இயந்திரக் கற்றல் ஆகியவை அதன்பின் வருவன.

முதற்பருவப் பயிற்சிகள் எளியவை. ஒரு மரபணுவின் எழுத்துகளைக் கோப்பாகக் கொடுத்து, அதில் ஜியும் சியும் சேர்ந்து எத்தனை விழுக்காடு உள்ளன என்று எண்ணச் சொல்வர். பைத்தான் என்னும் நிரல்மொழியில் சில வரிகளில் அது முடிந்துவிடும். அடுத்து, அவ்வெழுத்துகளை மும்மூன்றாகப் பிரித்துப் புரதமாக மொழிபெயர்க்கச் சொல்வர். நான்கு எழுத்துகளைக் கொண்டு 64 மூவெழுத்துச் சொற்கள் அமையும். அவை குறிக்கும் அமினோ அமிலங்களோ இருபது. எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது என்பதில்தான் மாணவர் முதன்முதலில் பிழை செய்வர். கடல்படகுமரம் என்பதை மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்தால் கடல், படகு, மரம் என வரும். அதில் இரண்டாம் எழுத்தாகிய டகரம் விடுபட்டால் கல்ப, டகும, ரம் என்றாகிவிடும். ஓரெழுத்து தவறியதால் அதன் பின்வந்த அனைத்தும் பொருளிழந்தன. உயிரணுவிலும் இதுவே நேர்கிறது.

ஐதராபாத்தின் மேற்கே கச்சிபவுலியில் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில், கணிப்பு இயற்கை அறிவியல் மற்றும் உயிரித் தகவலியலுக்கெனத் தனி ஆய்வு மையம் உள்ளது. கணினி அறிவியலில் இளநிலைப் பட்டத்தையும் கணிப்பு இயற்கை அறிவியலில் ஆய்வு வழி முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்து வழங்கும் ஐந்தாண்டுப் படிப்பு அங்கு உண்டு. மேல்நிலையில் கணிதம் பயிலாதவருக்கு அதன் வாயில் திறவாது. தமிழ்நாட்டில் தஞ்சாவூரின் சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உயிரித் தகவலியல் என்னும் பெயரிலேயே பொறியியல் பட்டம் உண்டு. உயிரித் தகவலியலை அறிவியல் பட்டமாக வழங்கும் கல்லூரிகளும் பல மாநிலங்களில் உள்ளன.

இளநிலையிலேயே இதனைத் தேர்ந்தெடுப்பது நன்றா, முதலில் உயிரியலையோ கணினியையோ ஆழமாகக் கற்று முதுநிலையில் இதற்கு வருவது நன்றா என்னும் வினா ஆசிரியர்களிடையே நெடுநாளாக உண்டு. இரண்டையும் ஒருசேரத் தொடங்குபவர், இரண்டிலும் மேலோட்டமாக நின்றுவிடக்கூடும் என்று ஒரு சாரார் அஞ்சுவர். தனித்தனியே கற்றவருக்கு மறு துறையின் மொழி பிறகு வாய்க்காது என்று மற்றொரு சாரார் கூறுவர். சிறு வயதிலேயே இரண்டு மொழிகளைக் கற்கும் பிள்ளைகளைப் பார்த்தவர், இரண்டாம் சாராரின் பக்கம் சாய்வது இயல்பே. எனினும் பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர்வதைக் காட்டிலும், அப்படிப்பில் கணிதமும் ஆய்வகப் பயிற்சியும் எத்தனை பருவங்களுக்கு இடம்பெறுகின்றன என்று பார்த்துச் சேர்வதே அறிவுடைமை. ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் பொத்தானை அழுத்தக் கற்பிப்பதோடு நின்றுவிடும் படிப்பு, மாணவரின் மூன்று நான்கு ஆண்டுகளை விழுங்கிவிடும். இளநிலையோடு நின்றவருக்கு இத்துறையில் வாய்ப்புகள் குறைவு என்பதையும், பெரும்பாலோர் முதுநிலைக்குச் செல்ல நேரும் என்பதையும் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இவ்வினா பட்டப்படிப்பில் எழுவதாகத் தோன்றினாலும், உண்மையில் பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே எழுந்துவிடுகிறது. மருத்துவம் பயில விரும்புவோர் பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை எடுத்துக்கொண்டு கணிதத்தைக் கைவிடுகின்றனர். பொறியியல் விரும்புவோர் கணிதத்தை எடுத்துக்கொண்டு உயிரியலைக் கைவிடுகின்றனர். பதினைந்து வயதில் கைவிட்ட பாடத்தை இருபது வயதில் மீண்டும் எடுப்பது எளிதன்று. உயிரித் தகவலியலில் விருப்பம் உடையோர் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்தே பயிலலாம், சுமை கூடுதல்தான். கணிதத்தைக் கைவிட்டவரும் மனம் தளர வேண்டுவதில்லை. கல்லூரியில் புள்ளியியலையும் நிரலாக்கத்தையும் முயன்று கற்று இத்துறைக்குள் வந்த உயிரியல் மாணவர் பலர் உண்டு. அவர்கள் செலவிட்ட உழைப்பு இருமடங்கு.

கணினி இல்லாத காலத்துக் கணக்கு

பொருள் அறிந்தவருக்குக் கருவி இரண்டாவதே என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. எர்ணாகுளத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்த கோ.நா.இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை, கோபிநாத் கர்த்தாவோடு இணைந்து 1954–55இல் வெளியிட்டார். அதன்பின் அவர் எடுத்துக்கொண்ட வினா பொதுவானது. எந்தப் புரதமாயினும் அதன் முதுகெலும்பு போன்ற தொடர் எவ்வெவ்வாறு வளைய இயலும்? எவ்வெவ்வாறு வளைய இயலாது?

ஒவ்வோர் அமினோ அமிலத்தின் இருபுறத்திலும் தொடர் இரண்டு கோணங்களில் திரும்பக்கூடும். சில கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், அவை இயலாதவை. மோதாத கோணங்களே இயல்பவை. இராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களான இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் இக்கோணங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். இன்றுள்ளவை போன்ற கணினிகள் அவர்களிடம் இல்லை. மேசைமேல் வைக்கும் கணக்கீட்டுக் கருவியைக் கொண்டே அப்பணி நடந்தது. 1963இல் அவர்கள் வெளியிட்ட சிறிய வரைபடம் இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் வழங்குகிறது. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, புரதங்களின் வடிவத்தைக் கணினியால் முன்னறிந்தோருக்கும் புதிய புரதங்களைக் கணினியால் வடிவமைத்தவருக்கும் வழங்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் புரத வடிவமும் சரியா என்று சோதிக்க, ஆய்வாளர் இன்றும் எடுப்பது சென்னையில் பிறந்த அந்த வரைபடத்தையே.

இந்தியரின் ஏடுகள்

மனிதரின் டி.என்.ஏ. குறித்து உலகில் சேர்ந்த தரவுகளுள் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. மதுரையிலும் ஐதராபாத்திலும் ஆராயப்பட்ட அந்த 25 எழுத்து விடுபாடு ஐரோப்பியரிடத்தில் காண்பதற்கு அரிது. அவர்களுடைய ஏடுகளை மட்டும் எத்தனை முறை புரட்டினாலும் அது அகப்பட்டிராது. இக்குறையை நீக்கும் நோக்குடன் ஜீனோம் இந்தியா என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நாட்டின் பல நிறுவனங்கள் இணைந்து பணியாற்றிய அத்திட்டத்தில் சி.சி.எம்.பி.யும் ஒன்று. பல்வேறு மக்கட்குழுக்களைச் சேர்ந்த பத்தாயிரம் இந்தியரின் டி.என்.ஏ. முழுமையாகப் படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் அத்தரவு ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. பரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் அது சேமிக்கப்பட்டுள்ளது.

அது எவரும் எடுத்துப் படிக்கும் பொது நூலகம் அன்று. ஒருவருடைய டி.என்.ஏ. அவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவர் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் இனிப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளையும் பற்றிப் பேசுகிறது. ஆகவே இசைவு பெற்ற ஆய்வாளருக்கே விதிமுறைகளுக்குட்பட்டு அது வழங்கப்படுகிறது. குருதி தந்தவரின் பெயர் ஆய்வாளருக்குத் தெரியாது. அவர் எந்த ஊரில் எந்த வேலை செய்கிறார் என்பதும் தெரியாது. ஆய்வாளர்முன் இருப்பவை அவருடைய 300 கோடி எழுத்துகள். பத்தாயிரம் பேருக்கும் அவ்வாறே. அவற்றை ஒன்றோடொன்று அடுக்கி ஒப்பிடும் பணி தொடர்ந்து நடைபெறுகிறது.

அருஞ்சொற்பொருள்

உயிரணு – உயிரின் அடிப்படை அலகு
பெயர்த்தெழுதுதல் – ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தல்
விடுபாடு – இடையில் விட்டுப்போனது
உய்த்துணர்தல் – சான்று கொண்டு ஊகித்து அறிதல்
நிகழ்தகவு – ஒன்று நிகழக்கூடிய வாய்ப்பின் அளவு
இடர் – துன்பம் நேரும் வாய்ப்பு
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொடர்

பயிற்சி

1. கலம், கமலம் என்னும் சொற்களைப் பாடத்தில் உள்ள மதிப்பெண் முறைப்படி இரண்டு வகையாக அடுக்குக. எந்த அடுக்கு சிறந்தது? கணக்கிட்டு எழுதுக.

2. நும் வீட்டில் வழங்கும் தமிழ்ச் சொற்களுள் தெலுங்குச் சொற்களோடு ஒத்திருப்பவை ஐந்தினைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. அவை உறவால் ஒத்தவையா, ஒரு மொழியிலிருந்து மற்றொன்று கடன் பெற்றவையா, தற்செயலாக ஒத்தவையா? ஏன் அவ்வாறு கருதுகிறாய்?

3. 2009ஆம் ஆண்டின் ஆய்வுக்கும் 2020ஆம் ஆண்டின் ஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டை நும் சொற்களில் ஒரு பத்தியில் எழுதுக.

4. பதினொன்றாம் வகுப்பில் கணிதம், உயிரியல் இரண்டையும் எடுக்க விரும்பும் மாணவிக்கும், சுமை மிகும் என்று அஞ்சும் அவள் தந்தைக்கும் இடையே நடைபெறும் உரையாடலை எழுதுக.